பெரிய கழுத்தும் சின்னக் கழுத்தும்

ஊசியக்கா என்றுதான் தெருவே அவளைக் கூப்பிட்டது. இடது தோளில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான்.

கடைத்தெருவில் இருந்த மாஸ்டரின் தையல் கடையில் அவள் பதினெட்டு வருஷம் கைவேலை பார்த்தாள். ஓரம் மடித்துத் தைப்பது, கொக்கி வைப்பது, பட்டன் தைப்பது, பட்டன் துளைக்குக் காஜா போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. மெஷினுக்கு ஆட்கள் வருவார்கள், கோபித்துக்கொண்டு போவார்கள். கைவேலைக்கு என்றும் அவள் ஒருத்திதான். சுவரோரம் ஒரு முக்காலி, தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு, அவ்வளவுதான் அவள் இடம்.

மாஸ்டரின் மேஜை கடை வாசலை ஒட்டிப் போட்டிருக்கும். அவர் துணி வெட்டுவதைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும், அதற்காகத்தான். முழங்கை நீளக் கத்திரி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, துணியை மடித்து, மடிப்பின் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு சின்ன வெட்டுப் போடுவார். அது அவர் கைப்பழக்கம். அதற்கப்புறம்தான் கழுத்து வெட்டுவார். "இந்த வெட்டைப் பார்த்தே என் தையல்னு சொல்லிடலாம்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வார். பீற்றல் ஒரு பக்கம் இருக்கட்டும், கை நல்ல கைதான். இல்லாததைச் சொல்லக் கூடாது.

கடையில் அவர் வைத்ததுதான் சட்டம், அதில் இரண்டு முக்கியம். கத்திரியை வேறு யாரும் தொடக் கூடாது. "என் கத்திரியைத் தொட்ட கை இந்தக் கடையில இருக்காது" என்பார். இன்னொன்று, ஊசியக்கா வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொன்னது: "மேஜைமேல இருக்கறது என்னுது. தரையில விழுந்தது உன்னுது. பெருக்கி எடுத்துட்டுப் போ."

சொன்னபடியே நடந்துகொண்டார். தரையை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சாக்பீஸ் கை நழுவி விழுந்தால்கூடக் குனிய மாட்டார். "இந்தாம்மா, சாக்பீஸ்" என்று குரல் மட்டும் வரும். கையில் பாதி தைத்த பட்டனோடு இவள் எழுந்து வந்து எடுத்துத் தர வேண்டும். அவருக்கு முதுகுவலி ஒன்றும் கிடையாது. மாஸ்டர் என்றால் குனியக் கூடாது என்று ஒரு நினைப்பு. பதினெட்டு வருஷம் அந்த மனுஷனுக்கும் சேர்த்து இவள் குனிந்தாள்.

காலையில் எட்டு மணிக்கே அவர் வந்துவிடுவார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக வெட்டுவார். ஊசியக்கா ஒன்பதுக்கு வருவாள். வந்ததும் தரையைப் பெருக்கி, துண்டுகளைப் பையில் அடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். "என்ன சொல்லு, மனுஷன் உழைப்பாளி" என்று வீட்டில் தன் நாத்தனாரிடம் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறாள். இப்போது அதை நினைத்தால் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும்.

மகள் கல்யாணமாகிப் போய், கணவரும் இறந்த பிறகு அவளும் நாத்தனாரும் இரண்டு அறையில் ஒண்டிக் குடித்தனம். நாத்தனார் தையல் கடைக்கு நேர் எதிரே இருந்த சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சாயங்காலங்களில் ஊசியக்கா துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பாள். நீளப் பட்டைகளும் சதுரங்களும் போர்வைக்கு ஆகும். வளைவாக விழுந்த துண்டுகள் ஆகாது. நேராக்கப் போனால் பாதி வீணாகும், அப்படியே வைத்தால் சுருங்கி இழுக்கும். அதனால் கழுத்தில் விழுந்தது, அக்குளில் விழுந்தது எல்லாவற்றையும், என்றைக்காவது தலையணைக்குள் திணிக்கலாம் என்று தனி மூட்டையில் அடைத்து வைத்திருந்தாள். அந்த மூட்டையை அவள் கொட்டிப் பார்த்ததே இல்லை.

இப்படியே போயிருக்கும். நர்ஸம்மா வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அந்த அம்மா, வான நீலத்தில் வெள்ளைக் கொடி ஓடிய துணி மூன்று மீட்டர் கொடுத்திருந்தாள். ஒரு சட்டை தைத்துவிட்டு மீதியை அப்படியே கொடுங்கள், தலையணை உறைக்கு ஆகும் என்று சொல்லியிருந்தாள். வாங்க வந்த அன்று சட்டை இருந்தது, மீதி இல்லை.

"கொடி ஒரே பக்கம் பார்த்து ஓடுதும்மா. அப்படிப்பட்ட துணி நிறைய இழுக்கும்" என்றார் மாஸ்டர்.

"எவ்வளவு இழுக்கும்? நான் அளந்து வாங்கினவ மாஸ்டர். ஒரு மீட்டருக்கு மேல எங்க போச்சு?"

நர்ஸம்மா குரலை உயர்த்தவில்லை. ஊசி போடுவதற்கு முன் பேசுகிற மாதிரி நிதானமாகக் கேட்டாள். அதுதான் வம்பாகிவிட்டது. சத்தம் போட்டிருந்தால் மாஸ்டரும் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பார். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள், தெருவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கையை நீட்டிச் சுவரோரத்தைக் காட்டினார்.

"சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன். அந்தப் பையைத் திறந்து பாருங்க."

ஊசியக்காவின் பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார்கள். வான நீலத் துண்டுகள் விழுந்தன. விழாமல் என்ன செய்யும்? முந்தைய நாள் அவளே பெருக்கி எடுத்ததில் பையிலேயே தங்கிவிட்ட மீதி.

"தரையில விழுந்தது மாஸ்டர். நீங்கதானே..." என்று ஆரம்பித்தாள். அவர் பேச்சை முடிக்க விடவில்லை. "பதினெட்டு வருஷம் சோறு போட்ட இடம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மெஷினில் இருந்தவர்கள் தலை நிமிரவில்லை. நர்ஸம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தை திருடி என்று சொன்னதைவிட மோசமாக உறைத்தது.

அன்றோடு வேலை போயிற்று. வேலை போனதுகூடப் பெரிதில்லை. பெயர் போய்விட்டது. ஓரம் தைக்கக் கொடுத்திருந்த இரண்டு வீடுகளில் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மளிகைக் கடை வரிசையில் முன்னால் நின்ற பெண் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஊசியக்காவுக்குப் பதில் பேசத் தெரியாமல் இல்லை. திருடி என்ற பட்டத்துக்கு முன்னால் எந்தப் பதிலும் செல்லாது என்று தெரிந்துகொண்டதால் வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் நான்கு மூட்டைகள் எதிரே குந்தியிருந்தன. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாத்தையும் கொளுத்திடப் போறேன்" என்றாள்.

"தாராளமா கொளுத்து அண்ணி" என்றாள் நாத்தனார், தேநீரை ஆற்றிக்கொண்டே. "புகையைப் பார்த்துட்டு, பாரு, திருட்டுத் துணியை அழிக்கிறான்னு ஊரே வந்து நிக்கும். நானும் வரிசையில நின்னு பார்க்கறேன்."

"பின்ன என்னதான் செய்யச் சொல்ற? இதுல ஒரு துண்டுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"தைச்சுத் தீரு. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அப்படித்தான் தொடங்கியது. செருப்புக் கடையிலிருந்து நாத்தனார் காலி அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்தாள். மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பிரித்தார்கள். கட்டை விரல் அகலத்துக்குக் குறைந்தது ஒரு பெட்டி, பட்டைகள் ஒரு பெட்டி, உள்ளங்கை அளவுச் சதுரங்கள் ஒன்று, முக்கோணங்கள் ஒன்று. அப்புறம் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெளிர் நிறம் தனி, அடர் நிறம் தனி. சாயம் போகிற துணியை ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்து ஒதுக்கினாள். கசங்கியதை நாத்தனார் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் அறைக்குள் கால் வைக்க இடமில்லை, ஆனால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

கடைசியில் வளைவு மூட்டை.

எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்ற வீம்பில்தான் அதையும் அவிழ்த்தாள். முதலில் மேலே கிடந்தது வான நீலம். வேலை போவதற்கு முந்தைய நாள் கொண்டு வந்து போட்டது, நர்ஸம்மாவின் கழுத்து. பெரிய பிறையாக, நடுவில் அரிசி அளவு வெட்டோடு இருந்தது. அதை ஓரமாக வைத்தாள். அடுத்து இன்னொரு வான நீலம் வந்தது. இதுவும் பிறைதான். ஆனால் சின்னது, மூன்று விரல் சேர்த்த அகலம். நடுவில் அதே அரிசி அளவு வெட்டு.

ஊசியக்கா இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு சட்டைக்கு எத்தனை கழுத்து? ஒன்றுதான். நர்ஸம்மாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அப்படியென்றால் இந்தச் சின்னக் கழுத்து யாருடையது?

அவள் மூட்டையைத் தலைகீழாகக் கொட்டினாள். நிறம் பார்த்து ஜோடி சேர்த்தாள். பச்சைக் கட்டத்தில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. மஞ்சள் கோட்டிலும் அப்படியே. சாம்பல், ஊதா, புள்ளி, பூ. எல்லாம் பெரியவர்கள் சட்டைக்குக் கொடுத்த துணி. எல்லாவற்றிலும் ஒரு குழந்தை கவுனின் கழுத்து கூடவே விழுந்திருந்தது. காலை எட்டு மணி வேலை என்னவென்று இப்போது புரிந்தது. மாஸ்டரின் மச்சான் வாராவாரம் வேற்றூர்ச் சந்தைக்கு ஒரு மூட்டையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பழைய துணி என்று சொல்வார்கள். உள்ளே இருந்தவை குழந்தை கவுன்கள்.

மனுஷன் கெட்டிக்காரர்தான். வெட்டிய துணியை ஒளித்தார், அதை வீட்டில் மனைவியை விட்டுத் தைக்க வைத்தார், விற்றதை வேற்றூரில் விற்றார். தரையில் விழுந்ததை மட்டும் மறந்துவிட்டார். குனிந்து பொறுக்கியிருந்தால் தப்பித்திருப்பார். குனியத்தான் மாட்டாரே.

நாற்பத்தொரு ஜோடி சேர்ந்தது. மூட்டையின் அடியில், பழையதோடு பழையதாக, கருஞ்சிவப்பில் மஞ்சள் புள்ளி வைத்த பெரிய பிறை ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் அவள் கை நின்றது. அது அவள் துணி. பதினைந்து வருஷத்துக்கு முன் அவள் தனக்கென்று கடையில் போய் வாங்கிய ஒரே புதுத் துணி. அப்போது மகளுக்கு ஏழு வயது. அம்மாவுடையது மாதிரியே எனக்கும் வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக் காலில் நின்றது. மீதியில் ஒரு கவுன் வருமா என்று மாஸ்டரைக் கேட்டாள். அவர் துணியை விரித்து, அளந்து, உதட்டைப் பிதுக்கினார். "மீதி வராதும்மா" என்றார்.

மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். அடம் பிடித்த பிள்ளையை முதுகில் இரண்டு வைத்தாள். மகள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஊசியக்கா மீதித் துண்டுகளை விரலால் விலக்கிக்கொண்டே போனாள். இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. இருந்தது. கருஞ்சிவப்பில் மஞ்சள் புள்ளி, மூன்று விரல் அகலம், நடுவில் அரிசி அளவு வெட்டு.

வேலையிலிருந்து வந்த நாத்தனார் அவளைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?" என்றாள். ஊசியக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். 

"பிள்ளையை அடிச்சேன்டி" என்றாள். "இவன் பேச்சைக் கேட்டு என் பிள்ளையை அடிச்சேன்."

அதுவரை அவளுக்கு இருந்தது கோபம். பெயரை மீட்டுக்கொண்டால் ஆறியிருக்கும். இனி அது ஆறாது. அந்த மனுஷனைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தாள். தீர்மானித்த பிறகு பசித்தது, நன்றாகச் சாப்பிட்டாள்.

நான்கு மாதம் தைத்தாள். வெள்ளைத் துணியில் நாற்பத்திரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய பிறையும் அதன் கீழே அதே துணியில் சின்னப் பிறையும். ஓரத்தை உள்ளே மடித்து, வளைவு இழுக்காமல் இருக்க அரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத தையலில் ஒட்டினாள். நடுவில் இருந்த அரிசி வெட்டை மட்டும் மறைக்கவில்லை, அதைச் சுற்றிக் கறுப்பு நூலில் காஜா போட்டாள். கட்டங்களைச் சுற்றி மற்றப் பெட்டிகளிலிருந்த பட்டைகளும் சதுரங்களும் போயின. கட்டை விரலுக்குக் குறைந்ததெல்லாம் உள்ளே மெத்தையாகப் போயிற்று. ஒவ்வொரு குத்துக்கும் மாஸ்டரை ஒரு வார்த்தை சொன்னாள். "அண்ணி, கொஞ்சம் மெதுவா திட்டு, விரல்ல குத்திக்கப் போற" என்று நாத்தனார் மூன்று முறை எச்சரித்தாள். ஒரு முறைகூடக் குத்திக்கொள்ளவில்லை.

நாற்பத்திரண்டாவது கட்டத்தில் கருஞ்சிவப்புப் பெரிய பிறையை மட்டும் தைத்தாள். கீழே இடத்தை வெள்ளையாக விட்டாள். சின்னதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மறந்துட்டியா?"

"மறக்கிறதா?" என்றாள் ஊசியக்கா.

சலவைக் கடை வாசலில் விரிப்புகள் காயப்போட ஒரு நீள இரும்புக் கம்பி உண்டு. அங்கே மாட்ட முதலாளியிடம் கேட்க வேண்டாமா என்று ஊசியக்கா தயங்கியபோது நாத்தனார்தான், "துவைச்ச போர்வையைக் காயப்போட எதுக்குக் கேட்கணும்?" என்று சொல்லி, சொன்னது பொய்யாகக் கூடாதென்று உண்மையிலேயே ஒரு முறை துவைத்தும் வைத்தாள். சந்தை கூடுகிற நாளில், கடைத்தெரு நிறைந்திருந்த பத்து மணிக்கு, இருவருமாக அதைக் கம்பியில் விரித்தார்கள். சரியாக மாஸ்டரின் மேஜைக்கு எதிரே.

முதலில் நின்றவர்கள் அழகுக்காக நின்றார்கள். அப்புறம் ஒரு பெண் கிட்டே வந்து, "இந்தப் பச்சைக் கட்டம் என் துணி மாதிரி இருக்கே" என்றாள். இன்னொருத்தி மஞ்சள் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்து நர்ஸம்மாவும் வந்தாள், வேலைக்குப் போகிற வெள்ளை உடுப்பில். நான்காவது வரிசையில் தன் வான நீலத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆகவில்லை.

"இது என்னது?"

"உங்க துணிதாம்மா" என்றாள் ஊசியக்கா. சலவைக் கடைப் படியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. "மேல இருக்கற பெருசு உங்க கழுத்து. கீழ இருக்கற சின்னக் கழுத்து யாருதுன்னு மாஸ்டரைக் கேளுங்க. இரண்டுலயும் அவர் வெட்டு இருக்கு. பார்த்தே சொல்லிடலாம்னு அவரே சொல்வாரு."

நர்ஸம்மா போர்வையை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். நாற்பத்திரண்டு பெரியது, நாற்பத்தொரு சின்னது. திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தாள். கூட்டமும் பார்த்தது.

மாஸ்டர் கத்திரியை வைத்துவிட்டு வந்தார். அவர் அந்தத் தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. போர்வையைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தன் கை தனக்குத் தெரியாதா?

"இவளே வெட்டியிருப்பா" என்றார். குரல் ஏறவில்லை.

"எதால மாஸ்டர்?" என்றாள் ஊசியக்கா. "உங்க கத்திரியைத் தொட்ட கை உங்க கடையில இருக்காதே. பதினெட்டு வருஷம் இருந்தேனே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த வசனத்தை அவர் வாயாலேயே கேட்காதவர் அங்கே யாரும் இல்லை. மாஸ்டர் அவள் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா நாம பேசித் தீர்த்திருக்கலாமேம்மா. கழட்டு இதை. நாளையிலிருந்து வேலைக்கு வா."

ஊசியக்கா மடியிலிருந்து கருஞ்சிவப்புத் துண்டை எடுத்தாள். அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பிறகு விரலை விட்டாள். அது அவர் செருப்பின் பக்கத்தில் விழுந்தது.

"எடுங்க" என்றாள்.

அவர் பழக்கத்தில் சுற்றுமுற்றும் பார்த்தார். யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. யாரும் அசையவில்லை. நர்ஸம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள், அதை வைத்துவிட்டு வர அவளுக்குத் தோன்றவில்லை.

மாஸ்டர் குனிந்தார். முழங்காலில் கை ஊன்றி, கண்ணாடி நழுவி விழாமல் பிடித்துக்கொண்டு, அந்தத் துண்டை எடுத்தார். நிமிரும்போது முகம் சிவந்திருந்தது.

"மேஜைமேல இருக்கறது உங்களுது, தரையில விழுந்தது என்னுது" என்றாள் ஊசியக்கா. "இப்ப உங்க கையில இருக்கே, அது யாருது?"

அவர் துண்டைப் பார்த்தார். மஞ்சள் புள்ளியைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது, அவள் அதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னுது."

"கேட்கலை."

"உன்னுதும்மா" என்றார் சத்தமாக. "நீ எதையும் எடுக்கலை. நான்தான் எடுத்தேன்."

"என் பொண்ணுக்கு ஒரு கவுன் வருமான்னு கேட்டேன். மீதி வராதுன்னீங்க. நம்பி என் பிள்ளையை அடிச்சேன்."

மன்னிப்பு என்று கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள். அதை அவரும் தெரிந்துகொண்டார் போல, துண்டை மட்டும் நீட்டினார்.

ஊசியக்கா வாங்கிக்கொண்டாள். போர்வையின் கீழ் ஓரத்தை மடிக்கு இழுத்து, வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் சின்னக் கழுத்தை வைத்து, விரலால் ஓரத்தை மடித்தாள். தோளிலிருந்து ஊசியை உருவினாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு தையலாக, சுற்றித் தைத்தாள். கூட்டம் நின்றது. மாஸ்டர் வெயிலில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவள் சுற்றை முடித்து, அரிசி வெட்டைச் சுற்றிக் காஜா போட்டு, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். அதுவரையில் அவரைப் போகச் சொல்லவில்லை.